பக்கத்துத் தோட்டக்காரி

பூம்பாறை
14.7.2025

மகள் ராஜகுமாரிக்குப் பெரியம்மா சோலையம்மாள் எழுதுவது. நான் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை குமரகுருவின் சுகமும் அறிய ஆவல். அந்த வீட்டில் இருக்கிற மற்றவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

இவள் எதற்குக் கடிதாசி போடுகிறாள் என்று நீ முழிப்பாய். உன் கல்யாணத்துக்கு மறுநாள் வேலப்பர் சன்னதியில் சூடத்தை ஏற்றி, கையால் அடித்து அணைத்து, உன் ஆத்தாளோடும் அவள் வீட்டு ஆளோடும் வாய் திறந்து பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். எழுதினால் சத்தியம் முறியுமா என்று பூசாரியிடம் கேட்டேன். "வாயின்னுதான ஆத்தா சொன்னீங்க, கையின்னு சொல்லலையே" என்றார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணினால் சிரிக்காதே.

விஷயம் இதுதான். நான் போனில் தோட்ட விளையாட்டு ஆடுவது ஊருக்கே தெரியும். பேரன் மனோஜ்குமார் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும்போது ஏற்றிக் கொடுத்தது. அது போனில் இருக்கிற நம்பர்களையெல்லாம் மேய்ந்து, அதே விளையாட்டை வேறு யார் ஆடுகிறார்களோ அவர்களைப் பக்கத்துத் தோட்டக்காரராக ஆக்கிவிடுகிறது. எனக்கு வாய்த்தவள் உன் ஆத்தா. அவள் நம்பரை எப்படி அழிப்பது என்று தெரியாமல் விட்டிருந்ததால் வந்தது. அதில் பேச முடியாது. ஒருத்தி தோட்டத்துக்கு இன்னொருத்தி தண்ணீர் ஊற்றலாம், அவ்வளவுதான். அதனால் சத்தியத்துக்குக் குறைவில்லை.

அந்த விளையாட்டின் மேல் எனக்குக் குறை ஏராளம். அதில் பூண்டு கத்தரிக்காய் மாதிரி செடியில் தொங்குகிறது. செய்தவன் பூண்டைக் கடையில்தான் பார்த்திருப்பான். மாடு சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடக்கிறது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே சீட்டாட வா என்று ஒரு விளம்பரப் பொம்பளை குறுக்கே வந்து பல்லைக் காட்டுகிறாள். போன தை மாதம் புதுசாக மாற்றுகிறேன் என்று சொல்லி என் கோழிகள் அத்தனையையும் முழுங்கிவிட்டது. அந்தக் கோபத்தை நான் இன்னும் விடவில்லை. ஆனாலும் வெள்ளனே எழுந்து, சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஏறி உட்கார்ந்து, தோட்டத்தைப் பார்க்காவிட்டால் எனக்குக் காப்பி இறங்குவதில்லை.

பக்கத்துத் தோட்டம் ஆனி நடுவிலிருந்து காய்ந்து கிடக்கிறது. எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. பக்கத்தில் காய்ந்து கிடந்தால் என் தோட்டமும் பார்க்க நன்றாக இல்லை, அதற்காகக் கேட்கிறேன். விளையாட்டில் கோளாறா, ஆளில் கோளாறா என்று ஒரு வரி போடு.

சாரலில் நனையாதே.
பெரியம்மா


பாலசமுத்திரம்
26.7.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு ராஜகுமாரியின் வணக்கம். நானும் அவரும் நலம். உங்கள் மூட்டுவலி குளிருக்கு எப்படி இருக்கிறது? வேலப்பன் அண்ணனையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் கை வேலையை அப்படியே போட்டுவிட்டேன். நடு வீட்டில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன்.

விளையாட்டில்தான் கோளாறு, பெரியம்மா. புதிதாக அப்டேட் வந்ததிலிருந்து அம்மாவின் போனில் அது திறப்பதில்லை. மஞ்சள் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பழனியில் அமானுல்லா அண்ணன் கடையில் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் நாளாகும் என்றார். வேறொன்றும் இல்லை.

நான் ஜவுளிக்கடையிலிருந்து வந்து சேரவே இருட்டிவிடுகிறது. அதனால்தான் பதில் தாமதம். நீங்கள் விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். அது ஒன்றிலாவது நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அன்பு மகள்,
ராஜகுமாரி


பூம்பாறை
3.8.2025

மகள் ராஜகுமாரிக்குப் பெரியம்மா எழுதுவது. சுகம். உங்கள் இருவர் சுகத்தையும் வேலப்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மஞ்சள் வட்டம் எனக்குத் தெரியாதா. அதே அப்டேட்டுதான் எனக்கும் வந்தது. என் போன் உன் ஆத்தாள் போனைவிடப் பழசு, உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் ஒருநாள் கிடந்தது. என்னுடையதில் திறக்கிறது, அவளுடையதில் திறக்காதா? அந்த விளையாட்டு என்னென்ன கோளாறு செய்யும், என்னென்ன செய்யாது என்று எனக்கு அத்துப்படி. சரி, கடையில் கொடுத்திருக்கிறேன் என்கிறாய். நம்புகிறேன்.

பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குப் பழசெல்லாம் வந்துவிட்டது. உன் கல்யாணப் பத்திரிகை ரோஸ் கலர். மேலே மயிலோடு முருகன். கீழே வலது பக்கம் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று வரிசையாகப் பேர். உன் சித்தப்பா மகன் பேர் இருந்தது. வடகவுஞ்சியில் உங்களுக்குப் பால் ஊற்றினவர் பேர் இருந்தது. கூடப் பிறந்த ஒரே அக்காள் பேர் இல்லை. மண்டபத்தில் போய்க் கேட்டேன். பந்தியில் ஆள் உட்கார்ந்திருக்கிறது, என் மருமகள் முருகேஸ்வரி இலை போட்டுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவு பேருக்கு நடுவில் உன் ஆத்தா சொன்னாள், "விட்டுப்போச்சுக்கா. இதெல்லாம் ஒரு விசயமா?"

பேர் விட்டுப்போனதைக்கூட நான் பொறுத்திருப்பேன். விஷயமா என்று கேட்டாளே, அதைத்தான் சொல்கிறேன். எனக்கு விஷயம்.

போனை வெரசா வாங்கிக் கொடு. ஆடிக் காற்றுக்குச் சன்னலைச் சாத்தி வை.
பெரியம்மா


பாலசமுத்திரம்
31.8.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு வணக்கம். நாங்கள் நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமா? ஒரு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னியுங்கள். கடையில் ஆடித் தள்ளுபடி, பிறகு ஓணத்துக்கு மலையாளத்து ஆட்கள் கூட்டம். உட்கார நேரமில்லை.

போன் சரியாகி வந்துவிட்டது. அம்மா மறுபடியும் ஆடுகிறாள். இப்போது தோட்டத்தைப் பாருங்கள், பச்சென்று இருக்கும். உங்கள் தோட்டமும் அழகாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

பத்திரிகை விஷயத்தில் நான் என்ன சொல்வது பெரியம்மா. அன்றைக்கு நான் மணவறையில் இருந்தேன். உங்கள் நாற்காலி காலியாக இருந்தது மட்டும் தெரிந்தது.

மூட்டுக்குத் தைலம் அனுப்பட்டுமா?
ராஜகுமாரி


பூம்பாறை
8.9.2025

மகள் ராஜகுமாரிக்கு. நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

தோட்டம் பச்சையாகத்தான் இருக்கிறது. காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், காய்த்தது எல்லாம் நேரத்துக்குப் பறிப்பு. ஆனால் அது உன் ஆத்தாள் கை இல்லை.

உனக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. எங்கள் அப்பா காட்டில் வரப்பை ஒட்டின கடைசி வரியில் நிற்கிற பயிரை நாங்கள் பிடுங்கமாட்டோம். அது பக்கத்துக் காட்டுக்காரருக்கு. அவரும் அவருடைய வரியை எங்களுக்கு விடுவார். இரண்டு வீடும் சண்டையில் இருந்த வருஷம்கூட அந்த வரி நின்றது. இந்த விளையாட்டில், பழுத்ததை நேரத்துக்குப் பறிக்காவிட்டால் சிவப்பாக மினுக்கும். அப்புறமும் விட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு ஓட்டை, திருடுவதற்கு வழி என்று மனோஜ்குமார் சொன்னான். ஆனால் முதல் வாரத்திலேயே வேலி ஓரத்து வரியை உன் ஆத்தா பறிக்காமல் விட்டாள். சிவப்பாக மினுக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் என் வரியை விட்டேன், அவள் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஆனி வரைக்கும் இரண்டு பேரும் ஒருநாள் தவறியதில்லை.

இப்போது இருக்கிறவள் ஒரு காய் விடாமல் வழித்தெடுக்கிறாள். பச்சைப்பிள்ளை மாதிரி சிவப்பைக் கண்டால் பயப்படுகிறாள். என் வரி அப்படியே அழுகுகிறது.

என் தோட்டம் அழகாக இருக்கிறது என்று சொன்னாளாம். உன் ஆத்தா என்னை வாயால் புகழ்ந்ததை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

யார் கை அது? அவள் எங்கே?
பெரியம்மா


பாலசமுத்திரம்
20.9.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு.

அது என் கைதான்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோலம் போடக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். திண்டுக்கல்லில் வைத்து வைத்தியம் பார்த்தோம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு வரவில்லை. காது கேட்கிறது, ஆள் தெரிகிறது, கண் எல்லாம் சொல்கிறது. வாயைத் திறந்தால் சத்தம் மட்டும் வருகிறது, வார்த்தை வருவதில்லை. பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு, திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று விழுந்த அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள். அதனால் மறைத்தேன். விளையாட்டின் மேல் பழியைப் போட்டேன். அதில்தான் ஆயிரம் ஓட்டை இருக்கிறதே, ஒன்று கூடினால் தெரியாது என்று நினைத்தேன். உங்களிடம் போய் அப்படி நினைத்தேன்.

பெரியம்மா, நீங்கள் வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும். அம்மாவுக்குக் காது கேட்கிறது.

ராஜகுமாரி


பூம்பாறை
25.9.2025

ராஜகுமாரிக்கு.

படித்தேன். வேலப்பனையும் படிக்கச் சொன்னேன்.

டாக்டர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். உன் ஆத்தாளின் பிடிவாதம் டாக்டருக்குத் தெரியாது. சின்ன வயதில் அப்பா அடித்தார் என்று ஒரு மாசிப் பட்டம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தவள். அப்போதும் ஊரெல்லாம் ஊமையாகிவிட்டாள் என்று சொல்லிற்று. நான் மட்டும் நம்பவில்லை.

இப்போதும் நம்பவில்லை. மாத்திரையை நேரத்துக்குக் கொடு.
பெரியம்மா


பாலசமுத்திரம்
12.10.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு.

நேற்று சாயங்காலம் நான் வந்தபோது கட்டிலுக்குக் கீழே மஞ்சப்பையில் பூண்டு இருந்தது. தாளோடு பின்னின மலைப்பூண்டு. பிளாஸ்டிக் நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்தது. "யாரும்மா வந்தா, பெரியம்மாவா?" என்று கேட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜஹனாரா அக்கா வந்து சொன்னார். "ஒங்க பெரியம்மா வந்து ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு போன வச்சுக்கிட்டு. ஒரு பேச்சுச் சத்தங்கூடக் கேக்கலையேம்மா."

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பாவி, பாதியை விட்டுவிட்டேன். ஆட்டோவில் பழனிக்குக் கொண்டுபோகும்போது அம்மாவுக்கு நாக்கு இழுக்க ஆரம்பித்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகத் தெளிவாகச் சொன்னது இதுதான். "அக்காட்ட சொல்லாத. சொன்னா ஓடி வந்திருவா. வந்து பேசாம ஒக்காந்திருப்பா. அத என்னால பாக்க முடியாது."

அதற்குப் பிறகு அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறது. எனக்கே தெரியவில்லை.

ராஜகுமாரி


பூம்பாறை
18.10.2025

மகள் ராஜகுமாரிக்கு. நான் உயிரோடு இருக்கிறேன். மாப்பிள்ளை சுகமா?

அந்த வார்த்தையை நீ முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். இதை நான் மறக்கமாட்டேன். நீ மறைத்ததற்கும் சேர்த்து.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் பஸ்ஸுக்கு இறங்கினேன். கதவு திறந்திருந்தது. சன்னல் ஓரம் கட்டில். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். முடியெல்லாம் கொட்டி, எங்கள் அம்மாவே படுத்திருக்கிற மாதிரி இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் வயிற்றின் மேல் போன் இருந்தது. இடது கை விரலால் தோட்டத்தைத் திறந்தாள். நானும் என்னுடையதைத் திறந்தேன். உங்கள் ஊரில் சிக்னல் பொங்கி வழிகிறது. என் மாடுகூட ஓடுகிறது.

விரல் அவளுக்கு நிற்கவில்லை. தண்ணீரை அமுக்கப் போய் விற்பனையை அமுக்கிக் கிணற்றையே விற்கப் பார்த்தாள். நான் எட்டி, சரியான இடத்தில் அவள் விரலை வைத்து அமுக்கினேன். கை சில்லென்று இருந்தது. அப்போது பார்த்து அந்தச் சீட்டாடுகிற பொம்பளை வந்தாள். உன் ஆத்தாளுக்குப் பாதி வாயால் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் வாயைத் திறந்தால் நானும் திறந்துவிடுவேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் கண் வாயாடிக்கொண்டுதான் இருந்தது. கண் இவ்வளவு பேசுகிறவளுக்கு வாய் வராதா, வீம்புதானே செய்கிறாள், நான் மட்டும் ஏன் முதலில் இறங்க வேண்டும் என்று இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்துவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அணைந்திருந்தது.

பூசாரியிடம் போனேன். சத்தியத்தை எடுக்க இரண்டு பேரும் சன்னதியில் நின்று வாயால் சொல்ல வேண்டுமாம். அவளும் பழனியில் எனக்கு எதிராக ஒரு சூடத்தை அணைத்தவள்தானே. "அவளுக்கு வாய் வரலைங்கறாங்க சாமி" என்றேன். "அப்ப அவுக சம்மதம்னு தலையாட்டட்டும், நீங்க சூடம் ஏத்திச் சொல்லிருங்க. வேலப்பரு கேட்டுக்கிருவாரு" என்றார்.

அவளிடம் கேள். அக்காள் சத்தியத்தை எடுக்கட்டுமா என்று கேள். சாப்பிட வைத்துவிட்டுக் கேள். பசியோடு இருந்தால் எதற்கும் சம்மதிக்கமாட்டாள்.

பெரியம்மா


பாலசமுத்திரம்
6.11.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு. நாங்கள் நலம். மலையில் மழை அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். வீடு ஒழுகவில்லையே?

சாப்பிட வைத்துவிட்டுத்தான் கேட்டேன். அம்மா தலையை ஆட்டினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வேண்டாம் என்று. மறுநாளும் கேட்டேன், அதேதான். அவர் கேட்டுப் பார்த்தார், அவரிடமும் அதேதான். கண்ணில் தண்ணீர் வழிகிறது, தலை மட்டும் வேண்டாம் என்கிறது.

ஆனால் இன்னொன்று. நீங்கள் வந்து போனதிலிருந்து நான் தோட்டத்தைத் தொடுவதில்லை. அம்மாவே செய்கிறாள். ஒரு பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற எவ்வளவோ நேரம் ஆகிறது. வேலி ஓரத்து வரி சிவப்பாக மினுக்கியது. "அம்மா, அதையும் பறிச்சிரு" என்று வேண்டுமென்றே சொன்னேன். என்னை முறைத்தாள் பாருங்கள், உடம்பு நன்றாக இருந்தபோதுகூட அப்படி முறைத்ததில்லை.

பெரியம்மா, சாமி குத்தம் என்னவோ என் தலையில் வரட்டும். சூடத்தை விடுங்கள். நீங்கள் வந்து பேசுங்கள். இந்த வாரம் டாக்டர் இதயமும் பலவீனமாக இருக்கிறது என்றார்.

ராஜகுமாரி


பூம்பாறை
13.11.2025

மகள் ராஜகுமாரிக்குப் பெரியம்மா எழுதுவது. நான் சுகம். உன் சுகம், மாப்பிள்ளை சுகம், என் தங்கச்சி முருகம்மாளின் சுகம் அறிய ஆவல்.

வேண்டாம் என்று தலையாட்டினாளா? படித்துவிட்டுச் சிரித்தேன். வேலப்பன் பயந்துபோய் எட்டிப் பார்த்தான். அவள்தான் அவள். சம்மதம் என்று அவள் எதற்குச் சொல்லியிருக்கிறாள், உன் அப்பாவைக் கட்டிக்கொள்ளவே மூன்று முறை மாட்டேன் என்றவள். இரண்டு வரி எடுத்துக்கொண்டேன். என் வரியை அவள் எடுத்ததையும் பார்த்தேன்.

அந்த விளையாட்டில் இன்னொரு மாற்றம் செய்திருக்கிறான், பார்த்தாளா? பூண்டை மண்ணுக்குள் போட்டுவிட்டான். நான் ஏசினது யார் காதிலோ விழுந்திருக்கிறது. ஆனால் இப்போது கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதால் எப்போது முற்றியது என்று தெரியவில்லை, தடவித் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றைத் திருத்தினால் ஒன்றைக் கெடுக்கிறான். என்னமோ, விடமுடியவில்லை.

நான் வருகிறேன். சத்தியமாவது மண்ணாவது. வந்து, அவள் காது புளிக்கிற வரைக்கும் பேசுகிறேன். ஒன்பது வருஷத்துப் பேச்சு இருக்கிறது. இங்கே பூண்டு நடவு ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த மழை இடைவெளியை விட்டால் விதைப்பூண்டு வீணாகிவிடும். கார்த்திகைத் தீபம் ஏற்றின கையோடு கிளம்புகிறேன்.

அவளிடம் இதைச் சொல்லாதே. எனக்கு முதலில் இறங்கி வருவதில் இன்னும் கொஞ்சம் கசப்பு இருக்கிறது. அது போகட்டும். அவளும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்று. பச்சைத்தண்ணீர் அவளுக்கு ஆகாது.
பெரியம்மா


பூம்பாறை
19.12.2025

மகள் ராஜகுமாரிக்கு.

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. கருமாதி முடிந்து வேலப்பன் என்னைக் கூட்டிவந்ததிலிருந்து படுத்தேதான் கிடந்தேன். இந்த இரண்டு மூன்று நாளாகத்தான் எழுந்து நடமாடுகிறேன்.

தீபத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மாப்பிள்ளை போன் செய்தபோது நான் காட்டில் கிழக்குத் தட்டில் குனிந்து பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தேன். வேலப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே நின்றுவிட்டான், இறங்கி வரவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு நீ நினைவில்லாமல் கிடந்தாய், பார்த்திருக்கமாட்டாய். அதனால் எழுதுகிறேன். நான் உள்ளே வந்ததும் பொம்பளைகள் விலகித் தலைமாட்டில் இடம் விட்டார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சூடம் அணைத்தவள் என்ன செய்யப் போகிறாள் என்று. முருகேஸ்வரி என் தோளைத் தொட்டு, "அழுதுருங்க அத்த" என்றாள். ஒப்பாரிக்கு வாயைத் திறந்தேன். ஒப்பாரி வரவில்லை. பேச்சுதான் வந்தது.

"ஏ முருகம்மா, நடவு இன்னும் முடியலடி. ஆளு கெடைக்கல. மேக்குத் தட்டுல காட்டுமாடு எறங்கி அம்புட்டையும் மிதிச்சுப் போட்டுருச்சு. நீ பாத்தியா, பூண்ட மண்ணுக்குள்ள போட்டுட்டான். வேலப்பன் மகளுக்குச் சடங்கு சுத்தினோம், ஒனக்குப் பத்திரிகை வைக்கல, வைக்கக்கூடாதுன்னுதான் வைக்கல. எங்க வீட்டுக்காரரு செத்தன்னைக்கு நீ வந்து வாசல்ல நின்னுட்டுப் போனதப் பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன்." இப்படியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு எதுவும் மறக்கவில்லையே, ஒன்றைச் சொன்னால் அடுத்தது வந்து நிற்கிறது. கிழவிக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். வாசலில் நின்ற ஞானவேல் அண்ணன், "பேசட்டும் விடுங்கப்பா" என்றார். அப்புறம் நேரமாகிவிட்டது என்று தூக்கிவிட்டார்கள். நான் ஒரு பேச்சின் நடுவில் இருந்தேன். எந்தப் பேச்சு என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அது மட்டும் இல்லை.

இன்னொரு விஷயம். நேற்றைக்கு முன்தினம் தொட்டி மேட்டில் ஏறி விளையாட்டைத் திறந்தேன். திறந்ததும் ஒரு எழுத்து வந்து மறிக்கிறது. வேலப்பன் படித்துச் சொன்னான். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் வெகுநாளாக வரவில்லை, அவரை நீக்கிவிட்டு வேறொருவரைத் தரலாமா என்று கேட்கிறதாம். கீழே சரி, வேண்டாம் என்று இரண்டு கட்டம். வேண்டாம் என்கிற கட்டத்தின் மேலேயே அந்த விளம்பரக்காரி ஏறி உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை முறை அமுக்கினாலும் அவள்தான் வருகிறாள். சரி என்பதை மட்டும்தான் அமுக்க முடிகிறது. பதில் சொல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறது.

மனோஜ்குமாரிடம் கேட்டேன். நீ உன் ஆத்தாள் போனில் ஒருமுறை திறந்தால் இந்தக் கேள்வி போய்விடும், உன்னிடம் சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ராஜகுமாரி, நீ அதைத் திறக்காதே. திறந்தால் அவள் வந்துவிட்டாள் என்று அது நினைத்துக்கொள்ளும். நானும் நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் மங்கலாக இரண்டு தோட்டமும் தெரிகின்றன. இன்றைக்கும் வெள்ளனே போனேன். பனி விலகவில்லை. அது கேட்டது. நான் பதில் பேசாமல், போன் தானாக அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையையும் சாப்பிடச் சொல். வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாயா? பதில் போடு.

பெரியம்மா